உழைக்கும் உடம்புக்கு ஏற்ற உணவு நம் கடையிலேயே இருக்கிறது



சென்ற மாதம் சில்லறைக் கடை நடத்தும் தம்பி ஒருவர் சரக்கு எடுக்க வந்திருந்தார். சிட்டையைக் கொடுத்துவிட்டுத் தயங்கி நின்றார். "அண்ணாச்சி, எங்க பகுதியிலே கபடி விளையாடுற பையன்கள், போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகுற பையன்கள் எல்லாம் புரோட்டீன் டப்பா இருக்கான்னு கேக்கிறாங்க. வாங்கிப் போடலாமா?" என்றார். "அந்தப் பையன்கள் காலையில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டீர்களா?" என்றேன். அவர் கேட்டிருந்தார். "ஓடினா வயிறு கனக்கும்னு ஒண்ணும் சாப்பிடறதில்லை அண்ணாச்சி. வந்து டப்பாவிலே ரெண்டு கரண்டி கலக்கிக் குடிக்கிறாங்க. பத்து மணிக்கு மேலே ரெண்டு இட்லி" என்றார்.

இந்தக் கேள்வி அவர் ஒருவருடையது அன்று. இன்று பல கடைகளில் எழுகிறது. கடுமையாக உடலை உழைக்கச் செய்பவர் எவராயினும், விளையாட்டு வீரரோ, சுமை தூக்குபவரோ, கொத்தனாரோ, வயலில் நாற்று நடும் பெண்ணோ, அவருக்கு எது சரியான உணவு? நான் மருத்துவன் அல்லன். சரக்கு தெரிந்தவன். பல ஆண்டுகளாகச் சுமை தூக்கும் தொழிலாளர்களை அருகிலிருந்து பார்த்தவன். படித்தும் கேட்டும் பட்டும் அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

பட்ட பாடம்

1988ஆம் ஆண்டு கோடைகாலம். தந்தையாரின் கிட்டங்கிப் பொறுப்பு அப்போது என்னிடம் இருந்தது. அரிசி லாரி இறங்கிக்கொண்டிருந்தது. பகல் பதினொன்றரை மணி இருக்கும். நல்ல வாட்டசாட்டமான ஆள், முதுகில் மூட்டையோடு பலகையில் இறங்கும்போது கண் இருண்டு விழுந்துவிட்டார். தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. கட்டுப் போட்ட டாக்டர் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "காலையிலிருந்து என்ன சாப்பிட்டாய்?" என்பதுதான். "ரெண்டு டீ, ஒரு பன்" என்றார் அவர். அதிகாலை ஐந்தரை மணியிலிருந்து மூட்டை சுமந்தவர்!

டாக்டர் என் பக்கம் திரும்பி, "அரிசி வியாபாரம்தானே செய்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மூட்டைக் கணக்கில் கூலி என்பதால் நடுவில் நிறுத்திச் சாப்பிட்டால் அவருக்குக் கூலி குறையும். நிறுத்தச் சொல்ல வேண்டிய நான் லாரியை அனுப்பும் அவசரத்தில் இருந்தேன். மூன்று மாதம் அவர் வேலைக்கு வர முடியவில்லை. வைத்தியச் செலவை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். ஆனால் அந்தக் கேள்வி இன்றும் என்னை விடவில்லை.

செலவுக்குத் தக்க வரவு

உடம்பு செய்யும் செலவைக் கலோரி என்ற அளவால் கணக்கிடுகிறார்கள். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட கணக்கின்படி, 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு உட்கார்ந்த வேலை என்றால் நாளொன்றுக்கு 2110 கலோரி வேண்டும். நடுத்தர உழைப்புக்கு 2710. கடும் உழைப்புக்கு 3470. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு முறையே 1660, 2130, 2720.

கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளிக்கும் மூட்டை சுமப்பவருக்கும் உள்ள வேறுபாடு 1360 கலோரி. சமைக்காத அரிசியில் கணக்கிட்டால் இது ஏறத்தாழ 390 கிராம். ஆகவே, எல்லாருக்கும் பொதுவான ஒரு நல்ல உணவு என்று ஒன்று கிடையாது. முதலில் செலவு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அதற்குத் தக்க வரவு வைக்க வேண்டும்.

வரவு குறைந்தால் என்ன ஆகும்? நமக்குப் புரியும் முறையில் சொல்கிறேன். அரிசி, கம்பு, வெல்லம் போன்ற மாவுச்சத்து, தசையிலும் ஈரலிலும் சிறிதளவு சேமித்து வைக்கப்படுகிறது. இது கல்லாப்பெட்டியில் உள்ள சில்லறை போன்றது. உடனே எடுத்துச் செலவழிக்கலாம். ஆனால் மொத்தமே அரைக் கிலோ அளவுதான். சில மணி நேரக் கடும் உழைப்பில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். உடம்பில் உள்ள கொழுப்பு வங்கி வைப்பு போன்றது. நிறைய இருக்கும், ஆனால் அவசரத்துக்கு வேகமாக எடுக்க இயலாது. கல்லா காலியானால் கால் தள்ளாடும், கவனம் சிதறும். அன்று பலகையில் நடந்தது இதுவே. பசியோடு வெயிலும் சேர்ந்துகொண்டது.

இந்தப் பற்றாக்குறை நாள்தோறும் நீடித்தால் உடம்பு தன் தசையையே கரைத்துச் செலவழிக்கத் தொடங்கும். வீட்டுச் செலவுக்குத் தராசையும் படிக்கல்லையும் விற்பதற்கு ஒப்பானது இது.

டப்பா வாங்கும் பிள்ளைகள் அறிய வேண்டிய முக்கியமான செய்தி இங்கேதான் இருக்கிறது. புரதம் என்பது தசையைக் கட்டவும் பழுது பார்க்கவும் உள்ள சரக்கு. மொத்த உணவு போதாமல் இருப்பவர் எவ்வளவு விலை உயர்ந்த புரதம் உண்டாலும், உடம்பு அதில் ஒரு பங்கை வெறும் எரிபொருளாக எரித்துவிடும். அடுப்பில் தேக்குமரம் வைத்து எரிப்பதுபோல. முதலில் வயிறு நிறைய வேண்டும். புரதம் பயன் தருவது அதன் பிறகுதான்.

அரிசிக்குத் துணை பருப்பு

புரதம் எவ்வளவு தேவை? சாதாரண ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராம், பெண்ணுக்கு 46 கிராம் என்கிறது மேற்சொன்ன நிறுவனம். கடும் பயிற்சி செய்யும் விளையாட்டு வீரர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை என்பது விளையாட்டு மருத்துவத் துறையினர் ஏற்றுக்கொண்ட அளவு. 65 கிலோ உள்ள பிள்ளைக்கு 78 முதல் 130 கிராம்.

நம் பருப்பு, பயறு வகைகளில் பெரும்பாலானவற்றில் 100 கிராமுக்கு 20 முதல் 24 கிராம் வரை புரதம் இருக்கிறது. நிலக்கடலையிலும் ஏறத்தாழ அவ்வளவே. சோயாவில் இன்னும் மிகுதி. ஒரு முட்டையில் 6 கிராம். அரிசியில் 7, 8 கிராம்தான் என்றாலும் நாம் உண்ணும் அளவு பெரியது என்பதால் அதுவும் கணக்கில் சேரும்.

அரிசிப் புரதத்தில் லைசின் என்ற கூறு குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் மெத்தியோனின் என்ற கூறு குறைவு, அது அரிசியில் உண்டு. இரண்டையும் சேர்த்து உண்ணும்போது ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கிறது. இட்லியில் அரிசியும் உளுந்தும், பொங்கலில் அரிசியும் பாசிப்பருப்பும் சேர்ந்திருப்பது ஆராய்ச்சிக்கூடம் இல்லாத காலத்திலேயே நம் வீட்டுப் பெண்கள் கண்ட கணக்கு.

ஒரு நாளைய சிட்டை

கடும் உழைப்பாளி ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய சரக்கை மளிகைச் சிட்டை போலவே எழுதிப் பார்த்தேன். எல்லாம் சமைப்பதற்கு முந்தைய எடை. கலோரியும் புரதமும் ஏறத்தாழக் கணக்கு.

அரிசி 400 கிராம் – 1400 கலோரி – புரதம் 30 கிராம்
கேழ்வரகு அல்லது கம்பு 100 கிராம் – 330 – 8
துவரம்பருப்பு, பாசிப்பருப்பு, உளுந்து 75 கிராம் – 250 – 16
கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, மொச்சை (சுண்டலுக்கு) 50 கிராம் – 170 – 10
நிலக்கடலை 50 கிராம் – 270 – 12
சமையல் எண்ணெய் 40 கிராம் – 360 – இல்லை
வெல்லம் அல்லது கருப்பட்டி 40 கிராம் – 150 – இல்லை
பால் 300 மில்லி (தயிர், மோர் உட்பட) – 200 – 10
காய், கீரை, இரண்டு வாழைப்பழம் – 250 – 5

கூட்டிப் பார்த்தால் 3380 கலோரி, 91 கிராம் புரதம் வருகிறது. கடும் உழைப்புக்குரிய கலோரி ஏறத்தாழ நிறைந்துவிட்டது. விளையாட்டு வீரருக்குச் சொன்ன புரத அளவுக்குள்ளும் வந்துவிட்டது. இரண்டு முட்டையோ ஒரு துண்டு மீனோ சேர்ப்பவருக்கு இன்னும் நல்லது. இதில் பாலும் காயும் பழமும் நீங்கலாக மற்ற அனைத்தும் நம் கடையில் இருப்பவை. டப்பா எங்கே தேவைப்பட்டது?

சிட்டை அவரவர் உடம்புக்குச் சரிதானா என்று அறிய ஒரு வழி உண்டு. நம் கிட்டங்கியில் தராசு இருக்கிறது. வாரம் ஒரு நாள், காலையில் வெறும் வயிற்றில், ஒரே நேரத்தில் எடை பார்க்கட்டும். நாலைந்து வாரம் தொடர்ந்து எடை இறங்கினால் வரவு போதவில்லை. அரிசி, கடலை, எண்ணெயைச் சிறிது கூட்டலாம். வயிறு மட்டும் பெருத்துக்கொண்டு வந்தால் வரவு மிகுதி. நன்றாக உண்டும் காரணமின்றி எடை இறங்கினால் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

நேரம் தவறினால் பயன் குறையும்

எவ்வளவு உண்கிறோம் என்பதோடு எப்போது உண்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். முழுச் சாப்பாட்டுக்கும் கடும் உழைப்புக்கும் நடுவே இரண்டு, மூன்று மணி நேரம் வேண்டும். விடியற்காலையில் ஓடும் பிள்ளைக்கு இது இயலாது. அவர் ஒரு வாழைப்பழமோ, இரண்டு பேரீச்சம்பழமோ, ஒரு டம்ளர் கஞ்சியோ எடுத்துக்கொண்டு ஓடலாம். இவை வயிற்றைக் கனக்கச் செய்வதில்லை. ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் இட்லி சாம்பார், பொங்கல், அவல், சுண்டல் என்று தானியமும் பயறும் சேர்ந்த உணவை வயிறார உண்ண வேண்டும். காலியான கல்லா அப்போதுதான் நிரம்பும். தசையின் பழுதும் அப்போதுதான் விரைவில் சரியாகும்.

சுமை தூக்குபவருக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறு தீனி அவசியம். கடலைமிட்டாய், பொட்டுக்கடலையும் வெல்லமும், எள்ளுருண்டை போன்றவை கையில் எடுத்து வாயில் போட்டுக்கொள்ளக் கூடியவை. டீயும் பன்னும் பசியைத் தள்ளிப் போடுமே தவிர உழைப்புக்கு ஈடு ஆகாது.

தண்ணீரும் உப்பும்

கோடையில் கடுமையாக உழைப்பவருக்கு மணிக்கு ஒரு லிட்டர், சில வேளை அதற்கு மேலும் வியர்வையாகப் போய்விடும். வேலைக்கு முன்பும் பின்பும் எடை பார்த்தால் இது தெரியும். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது என்று பொருள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனாலும் நீர் குறைவு என்று அறியலாம். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் அவ்வப்போது குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வியர்வையோடு உப்பும் போகிறது. ஆகவே உப்புப் போட்ட மோர், கஞ்சித் தண்ணீர், எலுமிச்சைச் சாற்றில் உப்பும் வெல்லமும் கலந்த பானகம் ஆகியவை மிக நல்லவை. அவசரத்துக்கு, சுத்தமான நீர் ஒரு லிட்டரில் தலைதட்டிய டீஸ்பூன் அளவில் ஆறு சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்தால் போதும். வயிற்றுப்போக்குக்குச் சொல்லப்படும் அதே கரைசல்தான். உப்பின் அளவு கூடக் கூடாது. இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே உப்பைச் சேர்க்க வேண்டும்.

குன்னூரில் கண்ட உண்மை

மேலே நான் குறிப்பிட்ட ஹைதராபாத் நிறுவனம் பிறந்தது நம் நீலகிரி குன்னூரில் என்பது பலருக்குத் தெரியாது. 1918இல், பெரிபெரி என்ற நோயை ஆராய்வதற்காக ராபர்ட் மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் அங்கே ஒரே ஓர் அறையில் தொடங்கிய ஆராய்ச்சி அது. 1958இல் ஹைதராபாத்துக்கு மாறியது. பெரிபெரி என்பது தவிடு நீக்கித் தீட்டிய அரிசியையே நம்பி வாழ்ந்தவர்களுக்கு வந்த நோய். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி வைட்டமினில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடுவதால், புழுங்கலரிசி உண்டவர்களுக்கு அது குறைவாக வந்தது.

மெக்காரிசன் 1920களில் மற்றொரு சோதனையும் செய்தார். நாட்டின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், நெய், பருப்பு, காய்கறி கொண்ட பஞ்சாப் சீக்கியர் உணவை உண்ட எலிகள் மிக நன்றாக வளர்ந்தன. தீட்டிய அரிசியே பெரும்பகுதியாக இருந்த சென்னை மாகாணத்து உணவை உண்டவை மிகவும் பின்தங்கின. அரிசியே கெட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. வெள்ளை வெளேரென்று தீட்டிய அரிசியைக் குவித்து வைத்து, பருப்பையும் பாலையும் கீரையையும் பெயருக்குச் சேர்த்துக்கொள்ளும் பழக்கமே குற்றம். இன்றும் பல உழைப்பாளர் வீடுகளில் குழம்புக்குள் பருப்பைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது.

இதனால்தான் சிட்டையில் கேழ்வரகையும் கம்பையும் சேர்த்தேன். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. கம்பில் இரும்புச்சத்தும் அரிசியைவிட மிகுதியான புரதமும் உண்டு. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின் இவற்றுக்கு மவுசு கூடிவிட்டது. ஆனால் கூழ் குடித்து வளர்ந்த உழைப்பாளிகளின் வீட்டில்தான் இவை குறைந்து போயின.

பெண் தொழிலாளர்கள்

கிட்டங்கியில் புடைக்கவும் சலிக்கவும் வரும் பெண்களை நாம் கணக்கில் எடுப்பதே இல்லை. அவர்கள் வீட்டில் எல்லாருக்கும் போட்டுவிட்டு மீந்ததை உண்டுவிட்டு வருகிறார்கள். ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை என்றால் பெண்ணுக்கு 29. கம்பு, பயறு, கீரை ஆகியவற்றோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்து உண்டால் இரும்பு உடம்பில் நன்கு சேரும். சாப்பாட்டோடு டீ குடித்தால் அது சேர்வதைத் தடுக்கும். டீயை ஒரு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

டப்பா விற்பவர்களுக்கு

டப்பாவிலுள்ள வே புரோட்டீன் என்பது பாலாடைக்கட்டி செய்யும்போது பிரியும் நீரைக் காயவைத்து எடுத்த பொடி. அது நஞ்சு அன்று. நல்ல புரதமே. உண்ண நேரமில்லாத பெரிய வீரர்களுக்கு உதவக்கூடும். ஆனால் அது வயிறார உண்பவருக்கு மேல்சேர்க்கைதானே தவிர உணவுக்கு மாற்று ஆகாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

விற்பதானால், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், காலாவதித் தேதி, முறையான பில் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத சரக்கை விற்றால் விற்றவரே பொறுப்பு. பையில் பிரித்துச் சில்லறையாக விற்பது வேண்டவே வேண்டாம். "இதைக் குடித்தால் ஒரு மாதத்தில் உடம்பு ஏறும்" என்று வாக்குறுதி கொடுப்பதும் வேண்டாம்.

நமக்கும் ஒரு வார்த்தை

மேலே எழுதிய சிட்டை உழைப்பவருக்கு உரியது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நாம் அதைப் பின்பற்றினால் சர்க்கரையும் கொழுப்பும் ஏறும். மூட்டை சுமந்த வயதில் உண்ட அளவையே முதலாளியான பிறகும் உண்டு, அதன் பலனாக இன்று மாத்திரை விழுங்குபவர்களில் நானும் ஒருவன். செலவு குறைந்தால் வரவையும் குறைக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

1988க்குப் பிறகு எங்கள் கிட்டங்கியில் காலை ஒன்பதரை மணிக்கு வேலை நிற்கும். கேழ்வரகுக் கூழோ கம்பங்கூழோ, ஒரு கிண்ணம் சுண்டல், வெயில் காலத்தில் பானை நிறைய மோர். செலவு கிட்டங்கியுடையது. லாரி தாமதமாகும் என்று முதலில் அஞ்சினேன். ஆகவில்லை. கிழிந்த மூட்டைகளும் சிந்திய சரக்கும் குறைந்தன. மூட்டை சுமந்து ஒருவர் மயங்கி விழுவதை அதன்பின் நான் பார்க்கவில்லை. தோள்பட்டை முறிந்த அந்த அன்பர், குணமாகி வந்தபின் பல ஆண்டுகள் எங்களிடமே வேலை செய்தார். கூழ் காய்ச்சும் பொறுப்பையும் அவரே விரும்பி ஏற்றுக்கொண்டார்.

சில்லறை வியாபாரிகள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. டப்பா கேட்டு வரும் பிள்ளையிடம், "காலையில் என்ன சாப்பிட்டாய் தம்பி?" என்று கேளுங்கள். பொட்டுக்கடலை, நிலக்கடலை, பாசிப்பயறு, அவல், வெல்லம், கேழ்வரகு மாவு ஆகியவற்றை ஒரே தட்டில் கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். ஒரு டப்பாவில் ஒருமுறை கிடைக்கும் லாபத்தைவிட, வாரந்தோறும் பயறு வாங்க வரும் வாடிக்கையாளர் நமக்கு நிலையான முதல்.

வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்று நம் முன்னோர் சொல்லிவைத்தார்கள். வாணியன் சார்பில் அதைச் சொல்லும்போது, கொடுக்கும் சரக்கும் சொல்லும் யோசனையும் சுத்தமாக இருக்க வேண்டிய பொறுப்பு நம்முடையது. அந்தத் தம்பிக்கு நான் டப்பா வாங்கித் தரவில்லை. ஒரு மூட்டை பொட்டுக்கடலையும் ஒரு மூட்டை பாசிப்பயறும் போட்டு அனுப்பினேன். தீர்ந்துவிட்டது, மறுபடி அனுப்புங்கள் என்று நேற்று ஆள் விட்டிருக்கிறார்.